குழந்தை ஏன் வளரவில்லை? தாய் சேய் ஊட்டச்சத்துக் குறைபாடு, முதலிலிருந்து

ஊட்டச்சத்துக் குறைபாடு என்றதும் பலருக்கும் மனதில் வருவது ஒரே படம்தான். எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் உப்பி, பஞ்சம் பிடித்த ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. அப்படிப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு படமே மனதில் பதிந்துபோனதால் ஒரு கெடுதல் நடக்கிறது. நம் தெருவில் ஓடியாடி விளையாடும் இரண்டு வயசுக் குழந்தையைப் பார்த்து, இதற்கும் ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறது என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னால், "மூணு வேளையும் நல்லாத்தானே சாப்பிடுது, எங்க பரம்பரையே குள்ளம்தான்" என்று வீட்டில் பதில் வருகிறது. பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தமிழ்நாட்டில் 25 சதவீதம், அதாவது நான்கு குழந்தைகளில் ஒன்று. இத்தனை வீடுகளிலும் சோறு இல்லாமலா போயிற்று? ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிற மாநிலம் இது. அப்படியானால் வயிறு நிறைவதற்கும் உடம்பு வளர்வதற்கும் நடுவில் வேறு ஏதோ இருக்கிறது. அது என்ன என்பதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

## உடம்பு போடும் பட்ஜெட்

சொந்த வீடு, ஆனால் பாதிதான் கட்டி முடித்திருக்கிறார்கள் என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, கரண்ட் பில், பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் கட்டாயச் செலவு. மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் கட்டட வேலை நடக்கும். வருமானம் கொஞ்சம் குறைந்தால் என்ன செய்வார்கள்? அரிசியை நிறுத்த மாட்டார்கள், கொத்தனாரை நிறுத்துவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது, அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வீடு மட்டும் அப்படியே பாதியில் நிற்கிறது. வருமானம் ஒரேயடியாக நின்றுபோனால் அது வேறு கதை. அப்போது சேமிப்பில் கை வைப்பார்கள், நகை அடகுக்குப் போகும்.

குழந்தையின் உடம்பும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. இதயம் துடிக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், உடம்பு சூடு குறையக் கூடாது, மூளை வேலை செய்ய வேண்டும். சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய பாதியைக் கைக்குழந்தையின் மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இந்தக் கட்டாயச் செலவெல்லாம் போக மீதிதான் எலும்பு நீள்வதற்கும் தசை கூடுவதற்கும். வருவது கொஞ்சம் கொஞ்சமாகப் பல மாதம் குறைந்தால் உடம்பு வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. குழந்தை சிரிக்கும், ஓடும், மெலிந்துகூடத் தெரியாது, ஆனால் உயரம் கூடாது. இதற்குப் பெயர் வளர்ச்சிக் குன்றல்: வயதுக்கு இருக்க வேண்டிய உயரம் இல்லாமல் இருப்பது.

சாப்பாடு திடீரென்று மிகவும் குறைந்தாலோ பெரிய நோய் வந்தாலோ உடம்பு தன் சேமிப்பான கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிரைப் பிடித்து வைக்கிறது. இது உடல் மெலிவு: உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் போவது. நம் மனதில் இருக்கும் அந்தப் பஞ்சப் படம் பெரும்பாலும் இதுதான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்கே தெரியாது. சோறு போதுமான அளவு கிடைத்து, இரும்புச்சத்து, அயோடின், துத்தநாகம், வைட்டமின் ஏ போன்றவை மட்டும் கிடைக்காமல் இருப்பது. மிகச் சிறிய அளவே தேவைப்பட்டாலும் இல்லாமல் முடியாத இந்தப் பொருட்களை நுண்ணூட்டச்சத்து என்கிறோம். அதில் இரும்பு குறைந்து ரத்தத்தின் திறன் குறைவதுதான் நாம் அதிகம் கேள்விப்படும் ரத்தசோகை (வேறு காரணங்களாலும் ரத்தசோகை வரும், ஆனால் இங்கே இரும்புதான் பெரிய காரணம்). முன்பு சொன்ன அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது.

இதுவரை சொன்னதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: நீண்ட நாள் பற்றாக்குறை உயரத்தைத் தின்கிறது, திடீர்ப் பற்றாக்குறை எடையைத் தின்கிறது, நுண்ணூட்டச்சத்துப் பற்றாக்குறை வெளியே தெரியாமல் உள்ளே வேலை செய்கிறது. மூன்றும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம். பிஸ்கட்டும் சிப்ஸும் தின்று கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்குக்கூட முதலாவதும் மூன்றாவதும் இருக்கலாம்.

## "எங்க வம்சமே குள்ளம்"

இந்தப் பதிலை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பரம்பரைக்கு உயரத்தில் பங்கு உண்டு. ஆனால் எந்த வயதில், எவ்வளவு?

உலகச் சுகாதார நிறுவனம் இதைச் சோதித்தே பார்த்தது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் தெற்கு டெல்லியில் நடந்தது. நிபந்தனை என்னவென்றால் குழந்தை தாய்ப்பால் குடித்திருக்க வேண்டும், அம்மா புகைபிடிக்காதவராக இருக்க வேண்டும், வளர்ச்சியைத் தடுக்கும் அளவுக்கு வறுமை இருக்கக் கூடாது. இப்படிப் பார்த்தபோது ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். நார்வேயின் ஆஸ்லோவுக்கும் கானாவின் அக்ராவுக்கும் டெல்லிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. முதல் ஐந்து வருடத்தில் உயரத்தைத் தீர்மானிப்பதில் சூழ்நிலைக்கு எவ்வளவு பெரிய கை இருக்கிறது என்பது அதில் தெளிவானது. 2006இல் வந்த வளர்ச்சி அளவுகோல் இதிலிருந்து உருவானதுதான். அங்கன்வாடி அட்டையில் நீங்கள் பார்க்கும் வளைகோடுகளும் இதே அளவுகோலைக் கொண்டு வரைந்தவை.

அந்த அளவுகோலின்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 86 சென்டிமீட்டர். 80க்குக் கீழே இருந்தால் வளர்ச்சிக் குன்றல் என்று கணக்கில் வரும். நன்றாகச் சாப்பிட்டு வளரும் எந்த ஊரிலும் இயற்கையாகவே குட்டையான குழந்தைகள் கொஞ்சம் இருப்பார்கள்தான், நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். நம்மிடம் நூற்றுக்கு 25, நாடு முழுக்கப் பார்த்தால் 35. அந்த இடைவெளிக்குப் பரம்பரை காரணமாக இருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குட்டையாக இருப்பது ஒரு குறையே இல்லை, யாரும் அப்படி நினைத்துவிடாதீர்கள். உயரத்தை அளப்பது ஏன் என்றால், எலும்புக்குப் போய்ச் சேராத சத்து மூளை வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது என்பதற்கு அது ஓர் அடையாளம். உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் மரணத்துக்குப் பின்னால் ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றோ வயிற்றுப்போக்கு என்றோதான் எழுதியிருக்கும். அதே நிமோனியாவிலிருந்து நல்ல ஊட்டத்தோடு இருந்த பக்கத்து வீட்டுக் குழந்தை பிழைத்திருக்கும்.

## ஆயிரம் நாள்

பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் வருடத்தில் 25 சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டாம் வருடத்தில் 12. மூன்றாம் வருடத்தில் 8. வேகம் எப்படிக் குறைகிறது பாருங்கள். கர்ப்பத்தில் இருக்கும் 270 நாளையும் பிறந்தபின் இரண்டு வருடத்தின் 730 நாளையும் சேர்த்தால் வருவதுதான் 'முதல் ஆயிரம் நாள்' என்று எல்லோரும் சொல்வது. கட்டட வேலை இந்த நாட்களில்தான் மும்முரமாக நடக்கிறது. இதற்குள் கட்டாமல் விட்டதைப் பிறகு கட்டுவது மிகக் கடினம்.

இதற்கு மிக நல்ல சான்று குவாத்தமாலாவிலிருந்து வந்தது. 1969 முதல் 1977 வரை அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் நான்கு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கிராமங்களில் அட்டோலே என்ற கஞ்சி, பால் பவுடரும் புரதமும் சேர்த்தது. மற்ற இரண்டில் ஃப்ரெஸ்கோ என்ற இனிப்புப் பானம், அதில் புரதம் கிடையாது, சக்தியும் குறைவு. வைட்டமின்கள் இரண்டிலும் இருந்தன, மருத்துவ வசதியும் நான்கு ஊருக்கும் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் மையத்துக்கு வந்து வேண்டிய அளவு குடிக்கலாம்.

அட்டோலே கிராமங்களின் குழந்தைகள் மூன்று வயதில் மற்றவர்களைவிட இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருந்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு குடித்த அட்டோலே உயரத்தில் எந்த வித்தியாசமும் செய்யவில்லை. அதே கஞ்சி, அதே ஊர், வயதுதான் வேறு.

அதோடு விடவில்லை. 2002-04இல் அந்தக் குழந்தைகளை, அதற்குள் முழு ஆட்களாகிவிட்டவர்களை, தேடிப்பிடித்து மறுபடி பார்த்தார்கள். பிறந்த முதல் இரண்டு வருடம் அட்டோலே கிடைத்த ஆண்களின் மணிக்கூலி மற்றவர்களைவிடச் சராசரியாக 46 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண்கள் ஒரு வகுப்புக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் குடித்த கஞ்சி முப்பது வருடம் கழித்துச் சம்பளத்தில் தெரிகிறது என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு வியப்பைவிடக் கவலைதான் அதிகம் வந்தது. கிடைக்காதவர்களின் சம்பளத்திலும் அது தெரியும்தானே.

## தொடக்கம் அம்மாவின் தட்டில்

ஆயிரம் நாளில் 270 நாள் வயிற்றுக்குள் போகிறது. அதனால் குழந்தையின் ஊட்டச்சத்து என்பது முதலில் ஒரு பெண்ணின் ஊட்டச்சத்து. இதைத்தான் நாம் ரொம்பத் தாமதமாகப் புரிந்துகொள்கிறோம், சொல்லப்போனால் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

ஆப்பிரிக்காவின் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் நாடுகள் பலவற்றைவிட இந்தியா வசதியான நாடு. இருந்தும் நம் குழந்தைகள் அந்தக் குழந்தைகளைவிடக் குட்டையாக இருந்தார்கள். இது பல வருடம் ஆய்வாளர்களைக் குழப்பிய விஷயம். 2015இல் டயான் காஃபி என்ற ஆய்வாளர் வெளியிட்ட கணக்கு ஒரு பக்கத்தைத் தெளிவாக்கியது. 2005 வாக்கிலான தரவுகளின்படி, கர்ப்பம் தரிக்கும் நேரத்தில் இந்தியப் பெண்களில் 42 சதவீதம் பேர் எடைக்குறைவாக இருந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் அது 16.5 சதவீதம். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வரும் சின்னப் பெண்தான் அந்த வீட்டிலேயே கடைசியாகச் சாப்பிடுபவள். குழம்பில் மீன் துண்டு தீர்ந்த பிறகு குழம்பு மட்டும் மிஞ்சுமே, அது அவளுக்கு. அந்த நிலையில்தான் முதல் குழந்தை உண்டாகிறது. நிலைமை அதற்குப் பிறகு மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் சாப்பிடும் பழக்கம் எத்தனை வீட்டில் மாறியிருக்கிறது என்று அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் "அதிகம் சாப்பிட்டால் குழந்தை பெரிதாகிவிடும், பிரசவம் கஷ்டம்" என்று அளவைக் குறைத்துக்கொள்வதும் இருக்கிறது. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தையை எடை குறைந்த பிறப்பு என்கிறோம். அந்தக் குழந்தை ஓட்டத்தைத் தொடங்கும்போதே பின்தங்கியிருக்கிறது. 18 வயதுக்கு முன் கல்யாணம் நடந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அம்மாவின் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், ஒரே சாப்பாட்டில் இரண்டு பேர் வளர வேண்டும். 2019-21இல் 20 முதல் 24 வயது இந்தியப் பெண்களில் 23.3 சதவீதம் பேருக்கு 18க்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தது.

இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு 180 நாள் தினம் ஒன்று என்று அரசு இலவசமாகத் தருகிறது. வாங்குபவர்கள் அதிகம், விழுங்குபவர்கள் குறைவு. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வருகிறது, பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரையைக் கொடுக்கும்போதே யாராவது ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் பலர் தொடர்ந்திருப்பார்கள். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். டீ, காபியோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா கூடச் சாப்பிட்டால் நன்றாகச் சேரும். அவ்வளவுதான் ரகசியம்.

## முதல் ஆறு மாதம்

இது பலருக்கும் தெரிந்ததுதான், அதனால் சீக்கிரம் கடந்துவிடலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், அதில் முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கொட்டக் கூடாது, ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். சேனை (பிறந்ததும் நாக்கில் தொட்டு வைப்பது), சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால், எதுவும் வேண்டாம்.

ஆனால் ஓர் எண்ணைப் பாருங்கள். அதே 2019-21 கணக்கெடுப்பில் இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்திருந்தன. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான். டாக்டரும் நர்சும் பக்கத்தில் இருந்தே பாதிக்கு மேல் தவறிவிடுகிறது. இதற்குப் பணம் தேவையில்லை, புதுக் கட்டடம் தேவையில்லை. குழந்தையைத் துடைத்து அம்மாவின் மார்பில் போட ஒரு ஆள் தேவை, அதுவும் சிசேரியன் முடிந்த அம்மாவுக்குக் கட்டாயம் தேவை.

## பருப்புத் தண்ணி கணக்கு

ஆறு மாதம் முடிந்ததும்தான் உண்மையான சறுக்கல் தொடங்குகிறது. தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் மற்ற உணவுக்கு இணை உணவு என்று பெயர். அதே கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளில் போதுமான அளவும் வகையும் உள்ள உணவு கிடைத்தது வெறும் 11.3 சதவீதம் பேருக்கு. வசதியான வீடுகளிலும் இந்த எண் ஒன்றும் பிரமாதமில்லை. அப்படியென்றால் இது வறுமை மட்டும் செய்யும் வேலை இல்லை, தெரியாமையும் சேர்ந்து செய்கிறது.

நம் வீடுகளில் முதலில் ஊட்டுவது என்ன? பருப்பை வேகவைத்து மேலே நிற்கும் தண்ணியை இறுத்து இரண்டு கரண்டி. இல்லாவிட்டால் சோறு வடித்த கஞ்சி. "எல்லாச் சத்தும் தண்ணியில இறங்கிடும்" என்பார்கள். இறங்காது. பருப்பின் புரதமும் சக்தியும் பெரும்பாலும் பருப்பிலேயேதான் இருக்கின்றன, அதை அப்பா சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்.

கணக்காகவே பார்ப்போம். எட்டு கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் இரைப்பையில் ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லி கொள்ளும், ஒரு கிலோவுக்கு 30 மில்லி என்று வைத்துக்கொண்டால். ஏழு எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு இன்னும் 200 கலோரி தேவை, ஒரு வயதுக்கு மேல் 550. தண்ணியாகக் கரைத்த கஞ்சியில் ஒரு மில்லிக்கு 0.3 கலோரி இருந்தால் வயிறு முட்டக் குடித்தாலும் 72 கலோரிதான். வயிறு நிறைந்துவிட்டது, குழந்தை தலையைத் திருப்பிக்கொள்கிறது, அம்மாவும் போதும் போல என்று கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். அதே கிண்ணத்தில் கரண்டியைக் கவிழ்த்தால் சட்டென்று வழியாத அளவுக்குக் கெட்டியாகப் பருப்பும் சோறும் மசித்து, ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் சுமார் 40 கலோரி எண்ணெயிலிருந்தே வந்துவிடும், மொத்தத்தில் இரண்டு மூன்று மடங்கு சக்தி உள்ளே போகும். வயிற்றின் அளவு அதேதான்.

வகை என்பது அடுத்த விஷயம். இரும்புச்சத்து தாய்ப்பாலில் குறைவு. குழந்தை பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பு ஆறு மாத வாக்கில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஈரல், இறைச்சி, மீன், முட்டை, கீரை, பயறு என்று வெளியிலிருந்துதான் வர வேண்டும். எட்டு மாதக் குழந்தைக்கு மீனா என்று கேட்பார்கள். முள் எடுத்து மசித்த மீன் தாராளமாகக் கொடுக்கலாம். வறுத்த நெத்திலியைப் பொடி செய்து சோற்றில் கலப்பது நம் கடலோர வீடுகளில் இருந்த பழக்கம்தான் (உப்புப் போட்ட கருவாடு வேண்டாம்). சைவ வீடு என்றால் பயறு, முருங்கைக்கீரை, கூடவே கொஞ்சம் எலுமிச்சை. ராகி நல்லதுதான், ஆனால் ராகிக் கூழ் மட்டுமே போதாது. டிவியில் விளம்பரம் வரும் பவுடர்கள் எதுவும் தேவையில்லை. இந்தியாவில் 1992ஆம் வருடச் சட்டப்படி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாற்று உணவுகளை விளம்பரம் செய்வதே குற்றம், அதற்குக் காரணம் இருக்கிறது.

சுருக்கிச் சொன்னால்: கெட்டியாக, அடிக்கடி, பலவிதமாக. ஆறு முதல் எட்டு மாதம் வரை இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளை, தாய்ப்பால் இரண்டு வயது வரை கூடவே.

## நோய் பறிக்கும் பங்கு

சரி, நன்றாகவே ஊட்டுகிறோம், ஆனாலும் குழந்தை வளரவில்லை என்றால்? வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பிட்டது உடம்பில் சேர்வதில்லை, காய்ச்சல் வந்தால் செலவு கூடுகிறது, பசியும் போய்விடுகிறது. இதில் பெரியவர்கள் வேறு "வயிறு சரியாகட்டும்" என்று சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. ஓஆர்எஸ் கரைசல், 14 நாள் துத்தநாக மாத்திரை, தாய்ப்பால், வழக்கமான உணவு எல்லாம் தொடர வேண்டும். நோய் தீர்ந்த பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்ததைப் பிடித்துவிடலாம்.

சுத்தம் இருந்தால் வளர்ச்சி தானாக வந்துவிடும் என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் பெரிய ஆய்வுகள் நடந்தன, முடிவுகள் 2018-19இல் வெளிவந்தன. கழிப்பறை, கைகழுவும் வசதி, குளோரின் கலந்த தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. ஊட்டச்சத்து உணவு கொடுத்த குழுக்களில்தான் ஓரளவு கூடியது. இதைக் கழிப்பறை வேண்டாம் என்று படிக்கக் கூடாது, வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு உண்மையாகவே குறைந்தது. வீட்டுக்கு ஒரு கழிப்பறை மட்டும் போதாது, கோழி எச்சமும் சாக்கடையும் இருக்கும் மண்ணில் தவழும் குழந்தைக்கு ஊர் முழுக்கச் சுத்தமாக வேண்டும் என்பதுதான் நான் அதிலிருந்து புரிந்துகொண்டது.

## எடுத்தவுடன் கவனிக்க வேண்டியவர்கள்

உடல் மெலிவு கடுமையாக இருந்தால் காத்திருக்க நேரமில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன நாடா போதும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் இடது மேற்கையின் நடுவில் சுற்றினால் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு வரும். அது ஆபத்து, உடனே மருத்துவமனை. 1996இல் ஃபிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியான் வேர்க்கடலை விழுது, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, நுண்ணூட்டச்சத்துகள் சேர்த்த பசை ஒன்றை உருவாக்கினார். தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், பாக்கெட்டைப் பிய்த்து ஊட்டலாம். அதற்கு முன் வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்த குழந்தைகளில் பெரும்பாலோரை வீட்டிலேயே வைத்துத் தேற்ற முடிந்தது. 2005இல் நைஜர் நாட்டின் நெருக்கடியில் பெரிய அளவில் பயன்பட்டது. உயிர் காக்கும் பொருள்தான், ஆனால் அது சிகிச்சை. அன்றாடச் சாப்பாட்டுக்கு மாற்றாக யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

## குறைத்துக் காட்டியவர்கள்

பெரு நாட்டில் 2008இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு வளர்ச்சிக் குன்றல் இருந்தது. 2016இல் அது 13 சதவீதம். அங்கேயும் மலைக் கிராமங்களின் பெற்றோர், தங்கள் குழந்தைகள் நலமாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தார்கள், ஏனென்றால் சுற்றியிருந்த எல்லாக் குழந்தைகளும் அதே உயரம். குழந்தையின் உயரத்தை அளந்து பெற்றோருக்கே காட்டினார்கள். 2006 தேர்தலில் தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து வேட்பாளர்களிடம் இதற்கு உறுதிமொழி வாங்கின. ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் கொடுத்து, குழந்தையைத் தவறாமல் பரிசோதனைக்குக் கொண்டுவருவதோடு அதை இணைத்தார்கள். மாயமந்திரம் ஏதும் இல்லை.

நமக்கும் இதில் முன்கதை உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்து லட்டு, ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். அதே ஊர்ப் பெண்தான் ஊழியர், அம்மாவிடம் உட்கார்ந்து பேசுவதும் அவர் வேலை. கடுமையான எடைக்குறைவு அந்தப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்தது. 1982இல் வந்த சத்துணவுத் திட்டம் நமக்கெல்லாம் பெருமைதான், எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது இரண்டு வயதுக்கு மேல்தான் தட்டை எடுத்து வருகிறது. 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து. வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகளைப் படம் எடுக்கலாம், வீட்டில் பாட்டி மடியில் இருக்கும் எட்டு மாதக் குழந்தையைப் படம் எடுக்க யாரும் போவதில்லை. அங்கன்வாடியில் அந்தக் குழந்தைக்குக் கொடுக்கும் சத்துமாவு பாக்கெட் வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் உருண்டையாகப் பிரிகிறது.

அம்மாவின் நேரம் என்று ஒன்றும் இருக்கிறது. 2017 முதல் மகப்பேறு விடுப்பு 26 வாரம், ஆனால் அது அமைப்புசார்ந்த வேலையில் இருப்பவர்களுக்கு. நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவருக்கும், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவருக்கும் அது கிடையாது. தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் கிடைக்கிறது, நல்ல உதவி. ஆனாலும் மூன்றாவது மாதம் வேலைக்குத் திரும்பும் பெண்ணிடம் போய் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், நாளுக்கு நான்கு முறை ஊட்டுங்கள் என்று அறிவுரை சொன்னால் அவர் எப்படிச் செய்வார்? வேலை செய்யும் இடத்தின் பக்கத்திலேயே குழந்தைக் காப்பகம் வேண்டும். ஊட்டச்சத்து என்றால் பலரும் மாவு பாக்கெட்டைத்தான் நினைக்கிறோம், காப்பகத்தை நினைப்பதில்லை.

## இரண்டு வயது தாண்டிவிட்டால்?

இதைப் படித்துவிட்டு நாலு வயசுக் குழந்தையை வைத்திருக்கும் யாரும் கலங்க வேண்டாம். உயரத்தில் விட்டதை முழுதாகப் பிடிப்பது கடினம், ஆனால் ரத்தசோகையை எந்த வயதிலும் சரிசெய்யலாம், மெலிவைச் சரிசெய்யலாம். பேசி, விளையாடி, கதை சொல்லி வளர்த்தால் மூளை வளர்ச்சி நன்றாகவே முன்னேறும் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குழந்தை சின்னதாக இருந்தால் அங்கன்வாடியில் எடையோடு நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும், பலகையில் தலையை ஒருவரும் காலை ஒருவரும் பிடித்து. அட்டையில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு புள்ளி பெரிதாக ஒன்றும் சொல்லாது, மூன்று நான்கு மாதப் புள்ளிகள் மேலே ஏறாமல் படுத்துவிட்டால் அப்போது பேச வேண்டும்.

வீட்டில் பத்தாவது பன்னிரண்டாவது படிக்கும் பெண் இருந்தால் அவளுக்குப் பள்ளியில் வாராவாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், நீல நிறத்தில் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டாளா என்று கேளுங்கள். ராத்திரி முட்டை இரண்டுதான் இருக்கிறது என்றால் அதில் ஒன்று அவளுக்கு.